குட்டை வேலைக்குப் பணம் அனுப்பும் முன் இரண்டு புத்தகங்கள்

மாமன் மச்சான்கள், பங்காளிகள், அக்கா தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் குட்டையைத் தூர்வாரப் பணம் திரட்டலாம் என்று துபாய் அண்ணன் எழுதியதும் எல்லோரும் உடனே சம்மதித்தது பெரிய மகிழ்ச்சி. காலமும் கூடி வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே கொண்டுவருகிறது. அதில் நம் குட்டையும் ஒன்று. வருகிற தண்ணீர் நிற்க இடம் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். பணம் அனுப்பும் முன் கொஞ்சம் படிப்போம். ஜேசிபி வாடகை எவ்வளவு, எத்தனை லோடு மண் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். வாரி முடித்த மறுநாளிலிருந்து குட்டையை யார் பார்த்துக்கொள்வது?

இதைக் கேட்க வைத்தது எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய ‘கவர்னிங் த காமன்ஸ்’. பொது நீரையும் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் மக்களே கட்டிக்காத்த இடங்களையும், கோட்டைவிட்ட இடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் இவர்தான் (2009). அவர் காட்டும் ஓர் உதாரணம்: ஸ்பெயினின் வலென்சியா நகரில் வியாழக்கிழமைதோறும் வாய்க்கால் பிரதிநிதிகள் தேவாலய வாசலில் கூடித் தண்ணீர்த் தகராறுகளை விசாரிக்கிறார்கள். வக்கீல் கிடையாது. எல்லாம் வாய்மொழிதான், தீர்ப்பும் உடனுக்குடன். கீழ்பவானி ஆயக்கட்டில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வாசல் அந்நியமாக இருக்காது.

நீடித்து நின்ற ஏற்பாடுகளில் எட்டு அம்சங்களைக் காண்கிறார். நமக்கு உடனடியாக வேண்டியவை இரண்டு என்பேன். விதிக்குக் கட்டுப்படப் போகிறவர்களுக்கு அதை வகுப்பதில் பங்கு வேண்டும். காவல் பார்ப்பவர் அவர்களில் ஒருவராகவோ, அவர்களுக்குப் பதில் சொல்பவராகவோ இருக்க வேண்டும். கோழிக்கடைக் கழிவைச் சாக்கில் கட்டி இருட்டோடு இருட்டாக வடகரையில் வீசிவிட்டுப் போவது யார் வண்டி என்பது, அங்கே வெள்ளாடு மேய்க்கும் ஆத்தாக்களுக்குத் தெரியும். சிங்கப்பூரிலும் டல்லாஸிலும் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? முதலில் அவர்களைத்தான் கேட்க வேண்டும். வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கிவிடலாம். கரையோரத் தோட்டத்துக்கு எத்தனை லோடு, கிணறு வற்றிய காட்டுக்கு எத்தனை என்பதை மாகாளியம்மன் கோயில் திடலில் ஊர் கூடி முடிவு செய்யட்டும். அதை நாம் இங்கிருந்து எழுதி அனுப்பினால் முதல் டிராக்டரிலேயே சண்டை வரும்.

இன்னொரு புத்தகம், குளங்களைப் பற்றி அனுபம் மிஸ்ரா இந்தியில் எழுதி 1993இல் வெளிவந்த ‘ஆஜ் பீ கரே ஹைன் தாலாப்’. அவர் காப்புரிமை வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே நமக்கு வேண்டிய பகுதிகளைத் தமிழாக்கி, அச்சிட்டு ஊரில் கொடுக்கலாம். குளத்துக்கு நீர் தரும் மேட்டு நிலத்தை ராஜஸ்தான் மக்கள் எவ்வளவு சுத்தமாகக் காத்தார்கள் என்று படிக்கும்போது நம் ஓடையை நினைத்து மனம் கனத்தது. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் ஓடையை விட்டுவிட்டுக் குட்டையை மட்டும் ஆழமாக்கினால் மழைநீர் எந்த வழியாக வந்து சேரும்? திரட்டும் பணத்தில் முதல் செலவு ஓடைக்கே ஆகட்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆஸ்ட்ரமின் மூன்றாம் அத்தியாயத்தை நான் தமிழில் சுருக்கி அனுப்புகிறேன். வலென்சியாவும் அந்த எட்டு அம்சங்களும் அதில்தான் வருகின்றன. இந்தி நன்றாகத் தெரிந்த மும்பை அக்கா மிஸ்ராவை எடுத்துக்கொள்ள முடியுமா? ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது அமாவாசைக் கூட்டத்தில் இவற்றை வாசித்துக்காட்டி, ஊர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அது வந்த பிறகு வங்கிக் கணக்கு விவரத்தைக் குழுவில் போடலாம்.