“நேரம் வந்தால் அதுவே சொல்லும்” என்றார்கள். எங்கள் முள்ளெலி சொல்லவில்லை

எங்கள் முள்ளெலி மிளகு நோயில் கிடக்கிறான் என்று தெரிந்து விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: “நேரம் வந்தால் அதுவே உங்களிடம் சொல்லும்.” நாய் சொல்லக்கூடும், பூனைகூடச் சொல்லலாம். முள்ளெலி சொல்லாது. பகல் முழுவதும் துணிக்குள் புதைந்து உறங்கும், நாம் விளக்கை அணைத்த பிறகு எழும், ஆள் அரவம் கேட்டால் முட்களை விறைத்துச் சுருண்டுகொள்ளும். வலியோடு சுருண்டிருப்பதற்கும் சும்மா சுருண்டிருப்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைப்பதா என்ற இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, எங்களுக்கு எது உதவியது, எது உதவவில்லை என்பதாவது தெரியட்டும்.

மிளகு ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி, ஆண். இந்த இனம் வளர்ப்பில் நான்கைந்து ஆண்டுகள் வாழும். சில ஆறையும் தொடும். அவனுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே பின்னங்கால்கள் ஆடத் தொடங்கின. முதலில் குளிரைத்தான் சந்தேகித்தோம். இருக்குமிடம் 18, 20 டிகிரிக்குக் கீழே போனால் இவற்றின் உடல் உறைநிலை உறக்கத்துக்குள் நழுவப் பார்க்கும். அப்போதும் தள்ளாட்டம் வரும். வயிறு சில்லிட்டுப் போகும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். மிளகின் வயிறு கதகதப்பாகவே இருந்தது. கூண்டுத் தெர்மோமீட்டர் 26 டிகிரி காட்டியது. காலாட்டம் மட்டும் நிற்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது: முன்பெல்லாம் சுருண்டால் மூக்கு நுனிகூடத் தெரியாது, இப்போது முகத்தருகே ஒரு விரல் நுழையும் இடைவெளி. சின்ன விஷயம் என்று நினைத்தே மருத்துவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது அதைக் கேட்டபோதுதான்.

மயக்க வாயு கொடுத்துத்தான் பரிசோதித்தார்கள். சுருண்டுகொண்ட முள்ளெலியின் வயிற்றையோ வாயையோ வேறெப்படியும் சரியாகப் பார்க்க முடியாது. முதுகெலும்புத் தட்டு விலகல், காதுத் தொற்று, கட்டி என எல்லாமே இதே தள்ளாட்டத்தைத் தரும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கினார்கள். மிஞ்சியது ‘வாப்ளி ஹெட்ஜ்ஹாக் சிண்ட்ரோம்’ என்கிற தள்ளாட்ட நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் வெண்பொருள் என்ற பகுதி நுண்ணிய துளைகள் விழுந்து சிதைந்துகொண்டே போகும். பரம்பரையாக வருவது என்று கருதப்படுகிறது. உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்யச் சோதனை கிடையாது, குணப்படுத்த மருந்தும் கிடையாது. பின்னங்காலில் தொடங்கி முன்னோக்கி ஏறும். பெரும்பாலானவை தொடங்கிய ஒன்றேகால் ஆண்டுக்குள் முழுமையாக முடங்கிவிடும்.

அடுத்த மாதங்களில் நாங்கள் செய்த கவனிப்பு பெரும்பாலும் துணி துவைப்பதுதான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓடும் சக்கரத்தை எடுத்துவிட்டோம். அதிலிருந்து சரிந்து விழத் தொடங்கியிருந்தான். மரத்தூளுக்குப் பதிலாக மெத்தென்ற ஃபிளீஸ் துணி. அவன் நிமிர்ந்து கிடப்பதற்காக இருபுறமும் சுருட்டிய துண்டு. சிறுநீரில் நனைந்து கிடந்தால் வயிற்றுத் தோல் வெந்துவிடும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி, மறுபடி துணி மாற்ற வேண்டும். தண்ணீர்ப் புட்டியை நக்கக் கழுத்து நிற்காதபோது தட்டையான கிண்ணம் வைத்தோம். பிறகு, மருத்துவர் தந்த நோயாளி உணவை வெந்நீரில் குழைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் கொடுத்தோம். மல்லாத்திப் போட்டு ஊட்டவே கூடாது, உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வயிறு கீழே இருக்கும்படி பிடித்து, கடைவாயோரமாகத் துளித்துளியாக விட்டு, அவன் நாக்கைச் சுழற்றி விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. என் கணவர்தான் செய்தார்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசில் தினமும் மாலையில் எடை பார்த்து எழுதி வைத்தேன். நல்லபடியாக இருந்தபோது 430 கிராம். அது 390 ஆகி, 340 ஆகி, 300-க்குக் கீழே இறங்கியது. இத்தனைக்கும் அவன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். எங்களை ஏமாற்றியது இந்தப் பசிதான். இந்த நோயில் தசை கரையும், கால் போகும், ஆனால் பசி பெரும்பாலும் வெகுநாள் நிற்கும். சிரிஞ்சைக் கண்டதும் வாயைத் திறக்கும் ஒரு பிராணியைக் காட்டி, இவனுக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். “வாய் கேட்கிறதே, எப்படி அனுப்ப மனம் வரும்?” என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் 2004-இல் வகுத்த அளவுகோலை எங்கள் மருத்துவர் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் கவனிப்பைத் தொடரலாம். நல்ல கருவிதான். ஆனால் முள்ளெலியின் ‘மகிழ்ச்சி’க்கு எப்படி மதிப்பெண் போடுவது? நான் ஐந்து போட்ட மாலையில் என் கணவர் எட்டு போட்டார். ஆகவே அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மிளகுக்கென்றே சில அடையாளங்களை எழுதிக்கொண்டோம்: புதிய வாசனை கிடைத்தால் அதை மென்று நுரையாக்கித் தன் முட்களில் பூசிக்கொள்கிறானா, என் குரல் கேட்டு மூக்கை நீட்டுகிறானா, இரவில் தானாகக் கிண்ணத்திடம் போகிறானா.

மூன்றாவதைத் தெரிந்துகொள்ள இருட்டில் படம்பிடிக்கும் கேமரா ஒன்றைக் கூண்டுக்கு மேல் வைத்தோம். மாலையில் கையில் ஏந்தி ஊட்டும்போது அமைதியாகத் தெரிந்தவன், நள்ளிரவில் பக்கவாட்டில் விழுந்து, கிண்ணத்தைப் பார்த்தபடி, கால்களைக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தான். களைத்து நிறுத்துவான், மறுபடி துழாவுவான். நாங்கள் மதிப்பெண் போட்டதெல்லாம் அவனுடைய தூக்க நேரத்துக்கு. அவன் விழித்திருக்கும் நேரத்தை அன்றுதான் பார்த்தோம்.

அதன் பிறகு ஒரு தாளில் எழுதினோம்: “தானாக நிமிர முடியாமல் போவது, விழுங்கும்போது புரையேறுவது. இரண்டும் சேர்ந்துவிட்டால் போதும்.” மனம் ஓரளவு நிதானமாக இருந்த நேரத்தில் எழுதியது. முதலாவது ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டாவது வந்த மாலையில் என் கணவர் “இன்னும் ஒரு வாரம் பார்ப்போமே” என்றார். தொலைபேசியில் மருத்துவர் வற்புறுத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த ஒரு வாரத்தில் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?” மறுநாள் மாலை, மற்ற நோயாளிகள் போன பிறகு வரச் சொன்னார்.

போவதற்கு முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை உண்டு. முதலில் மயக்க வாயு கொடுப்பார்களா என்பதுதான் முக்கியம். முள்ளெலிக்கு நரம்பைத் தேடி ஊசி போடுவது மிகக் கடினம். முழு மயக்கத்துக்குப் பிறகுதான் உயிரை அடக்கும் பென்டோபார்பிட்டால் ஊசியை வயிற்றிலோ இதயத்திலோ செலுத்த வேண்டும். மயக்கமில்லாமல் இதயத்தில் ஊசி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கண்கள் மூடாமல் இருக்கலாம், இதயம் நின்றபின் ஓரிரு மூச்சு இழுக்கலாம், சிறுநீர் பிரியலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. அவனுடைய துணியிலேயே வைத்திருந்தார்கள். எடை 248 கிராம். மயக்கத்தில் உடல் தளர்ந்தபோது முட்கள் எல்லாம் படுத்துவிட்டன. முதல் முறையாக அவன் முதுகை வருடினேன், குத்தவில்லை.

* * *

நான் வேறொரு வீட்டிலிருந்து எழுதுகிறேன். மிளகைப் பற்றி மேலே சொன்னதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கடும் நோய் என்றதும் எல்லோரும் இந்த முடிவை நோக்கியே ஓட வேண்டாம் என்பதற்காக எங்கள் பெண் முள்ளெலியைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. ஒரு காலை துணியில் ரத்தம். சிறுநீரில் கலந்தது என்று நினைத்தோம். பெண் முள்ளெலிக்கு மாதவிலக்கு என்று ஒன்று கிடையாது. இந்த வயதில் ரத்தம் கண்டால் கருப்பையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். ஸ்கேனில் கருப்பைக்குள் கட்டி தெரிந்தது.

தெரிந்தவர்கள் “இத்தனூண்டு உயிருக்கு அறுவை சிகிச்சையா?” என்று சிரித்தார்கள். கருப்பையையும் சூலகங்களையும் எடுத்தார்கள். சில நாட்கள் சிரிஞ்சு உணவு, வலி மருந்து, சக்கரத்துக்குத் தடை. பிறகு எழுந்து ஓடினாள். அதற்குப் பின் ஓராண்டுக்கு மேல் நன்றாகவே இருந்தாள். முள்ளெலிகளுக்கு மூன்று வயதுக்கு மேல் கட்டிகள் சர்வசாதாரணம். எந்தக் கட்டி, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்காதீர்கள்.

* * *

இது மூன்றாவது வீட்டின் கதை. எங்கள் முள்ளெலியை அனுப்பிவைக்க நான் ஊசி போடச் சம்மதிக்கவில்லை. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் எண்ணமும் இல்லை. எங்களுடையவனுக்கு ஐந்து வயது, ஈறில் புற்றுநோய். முதலில் பல் ஆடியது, பிறகு ஒரு பக்கக் கன்னம் வீங்கியது, வாய் நாறியது. எடுக்க முடியாத இடம் என்றார்கள். வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

ஆனால் சும்மா விட்டுவிடவில்லை. வீக்கத்துக்கு மெலோக்சிகாம் கொடுத்தோம். அது போதாமல் போனபோது மருத்துவர் பியூப்ரெனார்பின் சேர்த்தார். முதுகின் முள் தோலுக்கடியில் நீர் ஏற்றக் கற்றுக்கொண்டேன். அந்த வலி மருந்துகளும் வேளாவேளைக்கு எழுந்து கொடுக்க ஓர் ஆளும் இல்லாத வீட்டில் நான் எடுத்த முடிவை எடுக்க வேண்டாம். கடைசி இரவு சுலபமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். மேலே எழுதியவர்கள் தாளில் எழுதிவைத்த மாதிரி நாங்களும் ஒன்றை எழுதியிருந்தோம்: மருந்துக்கு அடங்காத வலி வந்தால் உடனே மருத்துவரிடம் போவது என்று. அந்த நிலை வருவதற்கு முன்பே போய்விட்டான்.

* * *

மறுபடி மிளகின் வீட்டிலிருந்து. அவனுக்கு உடற்கூறு ஆய்வு செய்தீர்களா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். செய்தோம். அப்படி ஓர் எண்ணம் இருந்தால் முன்பே மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள். உடலைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், உறைய வைக்கக் கூடாது; உறைந்தால் திசு சிதைந்து நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. மூளையும் தண்டுவடமும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஆய்வுக்குப் போயின. தள்ளாட்ட நோய்தான் என்று அறிக்கை வந்தது. அதன் நகலை மிளகை எங்களுக்குக் கொடுத்தவருக்கு அனுப்பினேன். அவனுடைய தாய்க்கு அடுத்த ஈட்டுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததாம். நிறுத்திவிட்டேன் என்றும், உடன்பிறந்த குட்டிகளை வாங்கிப்போன வீடுகளுக்குத் தகவல் சொல்கிறேன் என்றும் பதில் எழுதினார்.