டிசம்பர் லீவில் கொழும்புக்கு வரும் தொய்வுக்காரருக்கு

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் கொழும்புக்கு வருவது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான். பிள்ளைகளுக்கு லீவு, கிறிஸ்மஸ், திருவெம்பா, பொங்கல் எல்லாம் அப்போதுதான் சேர்ந்து வரும். கொழும்புக் காற்று தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு ஆகாமல் போவதும் அதே மாதங்களில்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து வீசி நகரத்துப் புகையைத் தள்ளிவிடும். நவம்பருக்குப் பிறகு காற்றுத் திரும்பி வடகிழக்கிலிருந்து, இந்தியப் பக்கத்துப் புகையையும் தூசியையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. போதாததற்குக் கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியின் பஸ் புகை. 2022 டிசம்பரில் காற்று கெட்டுப்போய், அரசாங்கப் பாடசாலைகளுக்கு ஒரு நாள் விடுமுறையே விட்டார்கள்.

எனக்கும் சின்ன வயதிலிருந்தே தொய்வு. ஆனால் இதை எழுத வைத்தது டொராண்டோவிலிருந்து வந்த என் அத்தானுக்கு நடந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு பிளாட்டை அத்தானும் அக்காவும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வந்த புதிதில் அத்தான் நல்ல சுகமாக இருந்தார். “எனக்குக் குளிருக்குத்தான் இழுக்கிறது. இஞ்ச வெக்கைக்கு ஒண்டுமில்லை” என்று சொல்லி, காலையும் மாலையும் எடுக்கிற ஊதா நிறத் தடுப்பு மருந்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். தடுப்பு மருந்து மூச்சுக்குழாயின் உள் வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைத்து வைக்கிற மருந்து. நிறுத்திய அன்றே ஒன்றும் தெரியாது. அதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. வீக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், ஆள் தனக்குச் சுகம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்த பிளாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஐயா தங்கமான மனிதர். பொழுதுபட்டால் கதவடியில் நுளம்புத்திரி கொளுத்தி வைப்பார். வெள்ளிக்கிழமையில் சாம்பிராணித் தட்டோடு ஒவ்வொரு அறையாகப் போவார். அத்தானுக்கு அந்தப் புகை ஒத்துவராது என்று அவருக்குத் தெரியாது, அத்தானும் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, “அந்த மனுசன் எங்களுக்கெண்டு செய்யிறார், எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது?” என்றார். நம் ஆட்களிடம் இந்தக் கூச்சத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டில் உறைப்புக் கூடினால் சொல்வார்கள், மூச்சு முட்டினால் சொல்ல மாட்டார்கள்.

நடுச்சாமத்தில் அக்கா போன் எடுத்தா. நான் போகும்போது அத்தான் கட்டில் விளிம்பில் இருந்தார். இரண்டு கையும் முழங்காலில் ஊன்றி, தோள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி இறங்கியது. “தண்ணி” என்று சொல்லி ஒரு மூச்சு, “கொஞ்சம்” என்று சொல்லி இன்னொரு மூச்சு. அக்கா சொன்னா: “முதல் விசில் மாதிரிச் சத்தம் கேட்டது. இப்ப குறைஞ்சிட்டுது, பரவாயில்லைப் போல.” எனக்கு அதைக் கேட்டதும்தான் பயம் பிடித்தது. ஆள் இவ்வளவு கஷ்டப்படும்போது இழுப்புச் சத்தம் குறைந்தால், காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

1990-க்கு அடித்தோம். 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிற இலவச அம்புலன்ஸ் சேவை அது. தமிழிலேயே கதைத்தார்கள். அவர்கள் வரும்வரை, இழுப்பை உடனே தணிக்கிற என் நீல பம்பை (இன்ஹேலர்) ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி ஒவ்வொரு அடியாகக் கொடுத்தேன். அம்புலன்ஸிலேயே ஒட்சிசன் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் நெபுலைஸ் பண்ணி (மருந்தைப் பனிப்புகை போலாக்கி மூச்சோடு கொடுத்து), ஸ்டீரொய்ட் குளிசையும் கொடுத்த பிறகுதான் அவருக்கு வார்த்தைகள் கோர்வையாக வந்தன.

மறுநாள் அந்த பிளாட்டின் ஏசி மூடியைத் திறந்து பார்த்தேன். வடிகட்டியில் தூசி சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது, விரலால் உரித்தெடுக்கலாம். அலுமாரியின் பின்பலகையில் பூஞ்சணம். கடலோரத்து ஈரக்காற்றில் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இப்படித்தான் ஆகும். வாடகைக்கு எடுக்கும் முன்னரே ஏசி வடிகட்டியைக் கழுவித் தரச் சொல்லிக் கேளுங்கள், அலுமாரியையும் மோந்து பாருங்கள். விசயம் தெரிந்ததும் அந்த ஐயா திரியை எடுத்துக்கொண்டு போய், நுளம்பு வலை கொண்டுவந்து தானே கட்டிவிட்டார். “முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி” என்று அவருக்குத்தான் பெரிய மனவருத்தம்.

மருந்தின் பெயரிலும் கவனம் வேண்டும். அத்தானின் ஊதா நிற மருந்து கனடாவில் அட்வேர். இங்கே பாமசியில் அந்தப் பெயரைச் சொன்னால் தடுமாறுவார்கள், ஏனென்றால் இங்கே அது செரிடைட். உள்ளே இருப்பது ஒன்றுதான்: புளூட்டிக்கசோன், சல்மெட்டரோல். நீல பம்பில் இருக்கும் சல்பியூட்டமோலை அமெரிக்காவில் அல்பியூட்டரோல் என்பார்கள். கம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரையும் அளவையும் டொக்டரிடம் எழுதி வாங்கிக் கைப்பையில் வையுங்கள். பம்பும் ஸ்பேசரும் அதே பையில்தான் இருக்க வேண்டும், விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போட வேண்டாம்.

இங்கிருந்து மெல்பேர்ண் போகிறவர்களுக்கும் ஒன்று. மகளிடம் போக நான் டிக்கெட் பார்த்தபோது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழை நாட்களில் கவனம் என்று அவள் முதலே சொல்லிவிட்டாள். 2016 நவம்பர் 21 மாலை அங்கே ஒரு புயல்மழை வந்தது. ரைகிராஸ் புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்துப் பொடியாகிக் காற்றோடு கீழே இறங்கியது. மூக்கிலேயே தங்கிவிடுகிற அந்த மகரந்தம் அன்று நுரையீரல் வரை போனது. ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அதுவரை வெறும் தும்மலும் கண் கடியும் மட்டுமே இருந்தவர்களுக்கும் அன்று மூச்சு முட்டியது. இந்திய, இலங்கைப் பின்னணி உள்ளவர்கள் அவர்களின் தொகைக்கு மிஞ்சியே பாதிக்கப்பட்டார்கள். ஆகவே “எனக்குத் தொய்வு இல்லை, பீனிசம்தான்” என்பவர்களும் அந்த மாதங்களில் முன்னறிவிப்பைப் பார்த்து, புயல் வரும்போது யன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது நல்லது. அங்கே நீல பம்பை மருந்துத் துண்டு இல்லாமலே பாமசியில் வாங்கலாம். அவசரத்துக்கு அவர்கள் சொல்லித் தரும் முறையும் சுலபம். ஒவ்வொன்றாக 4 அடி, ஒவ்வொரு அடிக்கும் ஸ்பேசரில் 4 மூச்சு, 4 நிமிடம் பொறுத்துப் பார்த்து, தேறாவிட்டால் இன்னும் 4. அதற்கும் தேறாவிட்டால் உடனே அந்த நாட்டு அவசர இலக்கமான 000-க்கு அடிக்க வேண்டும்.

அத்தான் இந்த வருடமும் வருகிறார், ஆனால் ஆகஸ்டில்.

சுவிஸ், நோர்வே பக்கம் கடும் குளிரில் இருப்பவர்கள் வெளியே நடக்கும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். என் தங்கை மகன் படிக்க ஒஸ்லோ போகிறான், அவனுக்கும் இதே வருத்தம்.