டொலேடோ, செகோவியா இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? வழிகாட்டிப் பேருந்தா, நாமே ரயிலில் போவதா?

பயணப்பை:

வணக்கம். அக்டோபரில் குடும்பத்தோடு மாட்ரிட் போகிறோம். நான், கணவர், பத்தாவது படிக்கும் மகள், மாமியார். மாட்ரிட்டுக்குள் பார்க்க வேண்டியதற்கெல்லாம் நாள் பிரித்தாகிவிட்டது. பழைய ஊர்களுக்கென்று ஒரே ஒரு நாள்தான் மிச்சம். தேடிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களும் டொலேடோவையும் செகோவியாவையும் சேர்த்து ஒரு நாள் பேருந்துப் பயணம் வைத்திருக்கின்றன, சிலர் செகோவியாவோடு ஆவிலாவைச் சேர்க்கிறார்கள். காலையில் ஏற்றிக்கொண்டு ராத்திரி கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள், வழிகாட்டியும் கூடவே வருகிறார் என்பதால் எனக்கு அதில் ஒரு நிம்மதி தெரிகிறது. கணவர் இரண்டு ஊருக்குமே ரயில் இருக்கிறதே, நாமே போகலாம் என்கிறார்.

மாமியார் நன்றாக நடப்பார், ஆனால் படி இறங்கினால் மூட்டு வலிக்கும். சைவம், முட்டையும் சேர்த்துக்கொள்ள மாட்டார். மகளுக்குச் சரித்திரத்தில் ஆர்வம் அதிகம், கணக்கும் பிடிக்கும். எங்களில் யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்ப்பது உருப்படியான காரியமா?

ஊர்சுற்றி:

முதலில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. டொலேடோ மாட்ரிட்டுக்குத் தெற்கே, சுமார் 70 கிலோமீட்டர். செகோவியா வடமேற்கே, குவாதர்ராமா மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சுமார் 90 கிலோமீட்டர். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர் வரும். ஆக அந்த ஒரு நாளில் பேருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கையிலேயே போய்விடும். அதன்மேல் எல்லாரும் வந்து சேரக் காத்திருப்பது, சாப்பாடு, கழிப்பறை, கலைப்பொருள் கடையில் ஒரு நிறுத்தம் (டொலேடோ வாள்களுக்கும் எஃகில் தங்கக் கம்பி பதித்த வேலைப்பாட்டுக்கும் பேர்போன ஊர், அதனால் இந்த நிறுத்தம் அநேகமாக இருக்கும்). இவ்வளவும் போக ஒவ்வொரு ஊரிலும் உங்கள் காலில் நின்று பார்க்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலென்றால் கதையே வேறு. அத்தோச்சா நிலையத்திலிருந்து டொலேடோவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், சமார்தீன் நிலையத்திலிருந்து செகோவியாவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள், செகோவியாவின் அதிவேக ரயில் நிலையம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளியில் இருக்கிறது, அங்கிருந்து நகரப் பேருந்து பிடித்துத்தான் ஊருக்குள் இருக்கும் பழைய ரோமானிய நீர்க்கால்வாய்க்கு வர வேண்டும். அந்த மாற்றம் வேண்டாமென்றால் மாட்ரிட்டின் மொன்க்ளோவாவிலிருந்து போகும் பேருந்து ஊருக்கு நடக்கிற தூரத்திலேயே இறக்கிவிடும், நேரம் கொஞ்சம் கூடும், செலவு குறையும். டொலேடோ ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான், வார இறுதியில் நின்றுகொண்டு போகலாம் என்ற பேச்சே இல்லை. போகவரச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஏறுவதற்கு முன் பைகளைச் சோதிப்பார்கள், கடைசி நிமிடத்தில் ஓடி ஏற முடியாது.

என் கட்சி: ஒரு நாளுக்கு ஓர் ஊர்.

கல்மண்டபம்:

ஊர்சுற்றி சொன்ன ஒரு நாள் ஓர் ஊர் எனக்கும் சம்மதம். ஆனால் வழிகாட்டி வேண்டுமா வேண்டாமா என்பதை இரண்டு ஊருக்கும் ஒன்றாகப் பேசக் கூடாது. டொலேடோவுக்கு வழிகாட்டி வேண்டும். செகோவியாவுக்கு அவ்வளவு அவசியமில்லை.

காரணம் சொல்கிறேன். செகோவியாவில் பார்க்க வேண்டியவை மூன்றும் கண்ணெதிரே நிற்கின்றன. ரோமானியர் கட்டிய நீர்க்கால்வாய், உயரமான இடத்தில் 28 மீட்டர், கருங்கல்லைக் கல்லின் மேல் வைத்து அடுக்கியிருக்கிறார்கள், சுண்ணாம்போ காரையோ எதுவும் பூசவில்லை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து கடைத்தெரு வழியே மெல்ல ஏறினால் பெரிய சதுக்கம், தேவாலயம், தெருக்கோடியில் பாறை விளிம்பில் அல்காசர் கோட்டை. 1474 டிசம்பரில் இசபெல்லா காஸ்டிலின் அரசியாக அறிவிக்கப்பட்டது இந்த ஊரில்தான். கோட்டைக்குள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், 1862இல் பெரிய தீ விபத்து நடந்தது, இன்று காணும் கூரைகளில் பலவும் அதற்குப் பிறகு மீண்டும் செய்தவை. இவ்வளவு தெரிந்தால் செகோவியாவை நிம்மதியாக நீங்களே சுற்றலாம்.

டொலேடோ அப்படியில்லை. தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைந்தோட நடுவில் ஒரு குன்று, அந்தக் குன்றின் மேல் ரோமானியர், விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கட்டியதெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. யூதர்கள் அந்தக் காலங்களில் பெரும்பகுதியும் அங்கேயே வாழ்ந்திருக்கிறார்கள். சந்துகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் சுவர், உள்ளே போனால் வேறு உலகம். கிறிஸ்தோ தெ லா லூஸ் என்ற சின்னக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 999ஆம் ஆண்டு மசூதியாகக் கட்டியது, கட்டிய ஆண்டை முகப்பிலேயே செங்கல்லால் அரபு எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 1085இல் கிறித்தவ மன்னர் ஆறாம் அல்பான்ஸோ ஊரைப் பிடித்த பிறகு அதைத் தேவாலயமாக்கிப் பின்னால் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள், அந்தச் சேர்ப்பையும் முஸ்லிம்களின் அதே செங்கல் பாணியிலேயே கட்டினார்கள். தெரியாமல் போகிறவர் அதைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுவார். சான்டா மரியா லா பிளாங்கா தொழுகைக்கூடமும் அப்படித்தான். யூதர்களுக்காகக் கட்டியது, தூண்களும் குதிரைலாட வளைவுகளும் மசூதிபோல இருக்கும், பெயரோ மாதாவின் பெயர். இந்த மூன்றும் ஒரே கூடத்தில் எப்படி வந்தன என்று யாராவது அந்த இடத்தில் நின்று சொன்னால்தான் உறைக்கும். 1492இல் யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் மூன்று மதங்களும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் என்று மட்டும் சொல்லி முடிக்கிற வழிகாட்டி எனக்குப் பிடிக்காது.

உங்கள் மகளுக்குக் கணக்குப் பிடிக்கும் என்றீர்களே, அவளுக்காக ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் அறிஞர்கள் டொலேடோவுக்கு வந்து அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தார்கள். தாலமியின் வானியல் நூலைக் கிரெமோனாவின் ஜெரார்டு மொழிபெயர்த்தது இங்கேதான். அல் குவாரிஸ்மியின் இயற்கணித நூலை 1145இல் செஸ்டரின் ராபர்ட் லத்தீனாக்கியது செகோவியாவில். பள்ளியில் படிக்கிற அல்ஜீப்ரா ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல்களில் இந்த இரண்டு ஊர்களும் உண்டு. போவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள், அந்தச் சந்துகளில் நடக்கும்போது அவளுக்கு அது வேறு மாதிரி இருக்கும்.

வழிகாட்டிக்காக மாட்ரிட்டிலிருந்தே பேருந்தில் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ரயிலில் டொலேடோ போங்கள், அங்கேயே அரசு அனுமதி பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்கு பேராக இருப்பதால் தலைக்கு விழும் தொகையும் அப்படியொன்றும் பெரிதாகத் தெரியாது. மாமியார் உட்கார வேண்டுமென்றால் உட்காரலாம், மகள் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார், அப்புறம் மத்தியானத்துக்குமேல் உங்கள் இஷ்டம்.

சாயங்காலவெயில்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஸ்பெயினுக்கு மறுபடி எப்போது போவோம் என்று தெரியாதவர்களுக்கு அந்த இரட்டை ஊர்ப் பயணம் வீணில்லை. நீர்க்கால்வாயையும் டொலேடோவின் ஆற்று வளைவையும் ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடுகிறோம், பலருக்கு அதுவே வாழ்நாள் சந்தோஷம். இன்னொன்று, ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஒரு காட்சிமுனை இருக்கிறது, மிராதோர் தெல் வாயே, மொத்த ஊரும் ஒரே பார்வையில் தெரியும். சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே நிறுத்தும். ரயிலில் போகிறவர்கள் அதற்குத் தனியாக டாக்சியோ நகரப் பேருந்தோ பிடிக்க வேண்டும், பலர் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஆனால் பணம் கட்டும் முன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு சேர்ந்தது? விளம்பரத்தில் தேவாலயத்தின் படம் இருக்கும், பயணத்தில் வெளியே நின்று பார்ப்பது மட்டும்தான் இருக்கும். வழிகாட்டி ஒரே மொழியில் பேசுவாரா, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசுவாரா? மாறி மாறி என்றால் நீங்கள் கேட்கும் விஷயம் பாதியாகிவிடும், இது எனக்கு மிகவும் பட்ட ஒன்று. காதில் மாட்டும் கருவி தருவார்களா, குறுகிய சந்தில் பின்னால் வருகிறவருக்கு அது இல்லாமல் ஒன்றும் கேட்காது. பேருந்து எங்கே இறக்கும்? பெரிய பேருந்துகள் டொலேடோவின் பழைய ஊருக்குள் நுழைய முடியாது, கீழிருந்து மேலேற நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன, அங்கே இறக்கினால் ஏறும் சிரமம் பாதி குறையும். மேலே போன பிறகும் தெருக்கள் ஏற்ற இறக்கம்தான், கூழாங்கல் பதித்த தரை.

மூட்டு வலிதான் பெரிய கவலை என்றால் செகோவியாவே மேல். அங்கே ஏற்றம் சீராக இருக்கும், கோட்டையின் கோபுரத்துக்கு மட்டும் நிறையப் படிகள், அதை விட்டுவிடலாம்.

சாப்பாடு சேர்ந்த பயணம் எடுக்காதீர்கள். செகோவியாவின் பெருமையே முழுசாகச் சுட்ட பால்குடிப் பன்றிக்குட்டிதான், கடை வாசலிலேயே வைத்திருப்பார்கள். பெரிய வெள்ளைப் பீன்ஸ் போட்ட ஒரு கூட்டு கிடைக்கும், பார்க்கச் சைவம்போல இருக்கும், அதிலும் வழக்கமாகப் பன்றிக்கறி சேரும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடைத் துண்டையோ சூரை மீனையோ தூவிக் கொண்டுவந்துவிடுகிற கடைகள் ஸ்பெயினில் உண்டு. ஹாம், மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எதுவுமே வேண்டாம் என்று கைபேசியில் ஸ்பானிஷில் எழுதி வைத்துக் காட்டுங்கள். டொலேடோவில் கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி போட்டு வதக்கிய பிஸ்தோ கிடைக்கும், மேலே முட்டை வைப்பார்கள், அதை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும்.

பயணப்பை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகளிடம் அல்ஜீப்ரா விஷயத்தைச் சொன்னேன், டொலேடோதான் என்று முடிவே கட்டிவிட்டாள். மாமியாரும் மெதுவாக நடந்தால் தன்னால் முடியும் என்கிறார். ரயிலில் போய் அங்கே ஒரு வழிகாட்டி, அதுதான் சரியாகப் படுகிறது. எங்கள் கையில் இருப்பது ஒரு ஞாயிறு அல்லது அதற்கடுத்த திங்கள். எது நல்லது?

ஊர்சுற்றி:

இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது. ஞாயிறு காலையில் பெரிய தேவாலயத்தில் வழிபாடு நடக்கும், பார்வையாளர்களை மதியத்துக்குப் பிறகுதான் விடுவார்கள். மாட்ரிட் மக்களும் ஞாயிற்றுக்கிழமை அங்கே குவிவார்கள். திங்கட்கிழமை ஓவியர் எல் கிரேக்கோவின் அருங்காட்சியகமும், யூதர் அருங்காட்சியகமாக இருக்கும் எல் திரான்சிதோ தொழுகைக்கூடமும் மூடியிருக்கும். எல் திரான்சிதோவை இழப்பது வருத்தம்தான், சுவர் முழுக்க எபிரேய எழுத்து, மேலே அற்புதமான மரக்கூரை.

ஆனாலும் நான் திங்களைத்தான் சொல்வேன். 1226இல் தொடங்கி 1493 வரை கட்டிய தேவாலயம் அது, அதைக் காலையில் கூட்டமில்லாமல் பார்க்க வேண்டும். எல் கிரேக்கோவின் ஆகப் பெரிய ஓவியம், ஒர்காஸ் பிரபுவின் அடக்கம், அருங்காட்சியகத்தில் இல்லை. அதை வரைந்து வைத்த சாந்தோ தோமே கோயிலிலேயே, அந்தப் பிரபுவின் கல்லறைக்கு மேலேயே இன்றும் இருக்கிறது, திங்களன்றும் பார்க்கலாம். சான்டா மரியா லா பிளாங்கா, கிறிஸ்தோ தெ லா லூஸ் இரண்டும் திறந்திருக்கும். இவை மூன்றுக்கும் இன்னும் சில இடங்களுக்கும் சேர்த்துக் கையில் கட்டும் பட்டை ஒன்று விற்கிறார்கள், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. தேவாலயம் மட்டும் அதில் சேராது, அதற்குத் தனிச் சீட்டு.

அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய விடுமுறை. உங்கள் திங்கள் அதை ஒட்டி வந்தால் ஊரே கிளம்பிவிடும், ரயில் சீட்டை இப்போதே பாருங்கள்.

கல்மண்டபம்:

மாமியாருக்காக ஒரு யோசனை. நிலையத்தில் இறங்கியதும் டாக்சி பிடித்து மேலே சொகொதோவேர் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள், வழிகாட்டியையும் அங்கேயே வரச் சொல்லுங்கள். யூதர் பகுதி தாழ்வில் இருக்கிறது, அதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் பழைய ஊருக்குள் பெரும்பாலும் இறக்கம்தான், படிக்கட்டு இல்லாத தெருவாகக் கூட்டிப்போகும்படி வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கீழே முடித்ததும் மறுபடி ஏறாமல் அங்கிருந்தே டாக்சியில் எதிர்க்கரைக் காட்சிமுனைக்குப் போய், அப்படியே நிலையத்துக்கு. நிலையத்தில் ரயில் வரும்வரை உள்ளே பாருங்கள், 1919இல் திறந்தது, பழைய முஸ்லிம் பாணி வளைவுகளும் வண்ணக் கண்ணாடியும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.