அந்தியூர் சந்தையில குதிரை வாங்க எதைப் பார்க்கணும்?

கேள்வி: ஆடியில குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போறேன், மார்வாரி இனப் பெட்டைக் குதிரை பார்க்க. நாலு வயசுன்னு சொன்னா எப்படிச் சரிபார்க்கிறது?

பதில்: முன்பல்தான். நடு ஜோடி இரண்டரை வயசுல விழுந்து முளைக்கும், அடுத்தது மூன்றரை, ஓரம் நாலரை. நாலு வயசுக்கு ஓரத்துல இன்னும் பால்பல் இருக்கணும். சின்னதா, வெள்ளையா, அடி ஒடுங்கி இருக்கும்.

பதில்: சந்தையில குதிரை ஆடிக் காட்டுறதைப் பார்த்து மயங்காதீங்க. கெட்டித் தரையில, கயிறைத் தளர்த்திப் பிடிச்சு நேரா ஓட்டச் சொல்லுங்க. வலிக்கிற முன்னங்காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும். மணல்ல ஓட்டினா சின்ன நொண்டல் மறைஞ்சுடும்; அங்கதான் ஏமாறுறாங்க.

பதில்: ரெண்டு காது நுனியும் ஒண்ணையொண்ணு தொடுறதை மட்டும் வச்சு மார்வாரின்னு நம்பாதீங்க, கலப்பினக் குதிரையிலயும் அப்படி வரும். வண்டியில ஏத்துற அன்னைக்குத் தானியம் வேண்டாம். தண்ணி, காஞ்ச புல் போதும்.