லோ ரேஞ்ச் கேள்வி: புதுப்பிப்பு

ஏற்காட்டில் மாமாவின் காபித் தோட்டத்துக்குப் போகும் செங்குத்தான மண்பாதைக்கு எந்த வண்டி வாங்கலாம், டிரான்ஸ்ஃபர் கேஸில் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) உள்ள லோ ரேஞ்ச், அதாவது வண்டியை மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு நகர்த்தும் கூடுதல் கியரின் விகிதம் 2 போதுமா, 4 வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நான் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்ததுதான் தப்பு. முதல் கியர், லோ ரேஞ்ச், ஆக்சில் (சக்கர அச்சு) மூன்றின் விகிதங்களையும் பெருக்க வேண்டும். சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பதுதான் அந்த எண். மேனுவல் மாருதி ஜிம்னியில் 4.425 × 2.002 × 4.09, அதாவது சுமார் 36. ஆட்டோமேட்டிக் ஜீப் ராங்ளர் ரூபிகானில் லோ மட்டுமே 4, பெருக்கினால் 77. இந்த கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும்போது ஜிம்னி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் அளவில்தான் நகரும். ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை.

நண்பரின் ஜிம்னியை வாங்கிப்போய் ஓட்டியே பார்த்துவிட்டேன். ஏறும்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இறங்கும்போதுதான் தெரிந்தது. மழைக்கு அப்புறம் சில்வர் ஓக் சருகு ஊறி வழுக்கும் வளைவில், லோ ரேஞ்ச் முதல் கியரில் பிரேக்கைத் தொடாமல் விட்டேன். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கியது, சக்கரம் ஒருமுறைகூட லாக் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா கைப்பிடியை விட்டுவிட்டார்!

சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் லோ போடலாமா என்று ஒருவர் கேட்டார். காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். ஜிம்னியில் லோ போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்தே இயங்கும். நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) இல்லாத வண்டியில் திரும்பும்போது முன், பின் ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொள்ளும்.

எங்கள் பாதைக்கு 36 தாராளம். ஜிம்னியே எடுக்கிறோம். பெரிய டயர் மாட்டினால் இந்தப் பலன் குறையும் என்பதால் கம்பெனி டயர் அளவையே வைத்துக்கொள்ளப் போகிறேன்.