விண்வெளிப் படம் போட்ட மக்: கறுப்பு பழுப்பாகிறது, பூமி முட்டையாகிறது

வெண்களிமண்:
வணக்கம் நண்பர்களே. 11 அவுன்ஸ் வெள்ளை செராமிக் மக்கில் 'ப்ளூ மார்பிள்' என்ற முழுப் பூமிப் படத்தை (அப்பல்லோ 17, 1972 டிசம்பர் 7) சப்ளிமேஷனில் (பேப்பரில் அச்சடித்த மையைச் சூட்டில் மக்குக்கு மாற்றும் முறை) போடுகிறேன். மக் பிரஸ் 200 டிகிரி செல்சியஸ், 240 விநாடி. படம் 20 × 9 செ.மீ., அதில் பூமியின் விட்டம் 8 செ.மீ. விண்வெளிக் கறுப்பு காப்பித்தூள் நிறத்துக்குப் போகிறது. மேல் விளிம்பிலும் அடியிலும் வெளிறுகிறது. பூமி உருண்டையாகத் தெரியாமல் முட்டை மாதிரி நிற்கிறது. பூப்படம், பெயர் எல்லாம் இதே செட்டிங்கில் ஒழுங்காக விழுகிறது. இங்க்கை மாற்றுவதா, பிரஸ்ஸை மாற்றுவதா?

மசிக்கூடு:
இரண்டையும் தொடாதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். கறுப்பு பழுப்படிப்பது பெரும்பாலும் அதிகம் வெந்ததன் அடையாளம். வேக்காடு போதாவிட்டால் நிறம் சாம்பல் பூத்து மந்தமாக இருக்கும், உரித்த பேப்பரில் மையும் நிறையத் தங்கியிருக்கும். பூப்படத்தில் கறுப்பு கொஞ்சம்தான், அதனால் இந்தக் குறை கண்ணில் படாது. உங்கள் படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு.

190 டிகிரி, 180 விநாடியில் ஒன்று போட்டுப் பாருங்கள். பிறகு சூட்டை அப்படியே வைத்துவிட்டு நேரத்தை மட்டும் 20 விநாடி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. டைமர் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். குளிர்ந்த மக்கை வைத்ததும் சூடு இறங்கும். சில பிரஸ் அது திரும்ப ஏறிய பிறகுதான் எண்ணத் தொடங்கும், சில மூடியதுமே எண்ணும். அதனால் அடுத்தவர் சொல்லும் விநாடிக் கணக்கு உங்கள் மெஷினுக்கு அப்படியே பொருந்தாது.

நேரத்தைச் சரிசெய்தும் பழுப்பு போகவில்லையென்றால் ஐசிசி ப்ரொஃபைலை (பிரிண்டர், மை, பேப்பருக்கு ஏற்ப நிறத்தைத் திருத்தும் ஃபைல்) பாருங்கள். சாஃப்ட்வேர் ஒருமுறை, பிரிண்டர் டிரைவர் ஒருமுறை என்று நிறத்திருத்தம் இரண்டு தடவை நடந்தால் முதலில் கெடுவது கறுப்புதான். டிரைவரில் அதை அணைத்துவிடுங்கள்.

விளிம்புக்கு வருவோம். மக்கின் உயரம் ஏறத்தாழ 9.5 செ.மீ. பிரஸ்ஸின் ஹீட்டிங் பேட் அந்த உயரம் முழுவதையும் ஒரே அழுத்தத்தில் கவ்வாது, அதுவும் வாய்ப்பக்கம் லேசாக வளைந்த மக் என்றால் சுத்தமாகக் கவ்வாது. படத்தை 8.5 செ.மீ. உயரத்தோடு நிறுத்திவிட்டு, மேலும் கீழும் வெள்ளை விடுங்கள். சிலர் கறுப்பை வெள்ளைக்குள் கரைக்கிறார்கள், புகை படிந்த மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் நேர்கோடாக வெட்டுவதே அழகு.

இவ்வளவு கறுப்பு விழுந்த பேப்பர் ஈரமாகத்தான் வெளியே வரும். பத்து நிமிடமாவது ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் ஆவியாகி ஓரங்கள் கசியும். ஹீட் டேப்பை (சூடு தாங்கும் டேப்) இழுத்து ஒட்டுங்கள், பேப்பர் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பூமிக்கு நிழல் விழும். மக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில், பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். நெபுலா (விண்வெளி வாயு-தூசி மேகம்) படத்தில் தூசிப் புள்ளி நட்சத்திரமாகத் தப்பித்துக்கொள்ளும். ப்ளூ மார்பிளில் நட்சத்திரமே தெரியாது, ஆகவே வெள்ளைப் புள்ளி எது இருந்தாலும் தூசிதான்.

வட்டமானி:
முட்டைக்குக் காரணம் மக்கின் வளைவு. மக்கின் விட்டம் 8.2 செ.மீ. என்று வையுங்கள். அதில் சுற்றிய 8 செ.மீ. வட்டம் நேரே பார்க்கும்போது அகலத்தில் 6.8 செ.மீ. ஆகத்தான் தெரியும், உயரம் மட்டும் 8 அப்படியே இருக்கும். பூமியை 6 செ.மீ. ஆக்கினால் அகலம் 5.5 ஆகத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும்.

அகலத்தை மட்டும் 106 சதவீதம் இழுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். முழுசாக ஈடுகட்ட 112 வரை போகலாம், ஆனால் மக்கைத் திருப்பினால் பூசணிக்காய். பாதித் திருத்தம் போதும்.

300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 20 × 8.5 செ.மீ. என்றால் 2362 × 1004 பிக்சல். மூலப்படம் (ஏஎஸ்17-148-22727) 70 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது, பெரிய ஸ்கேன் கிடைக்கிறது, ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த காப்பி வேண்டாம். மிரர் போட (இடவலம் திருப்பி அச்சடிக்க) மறந்தீர்களா என்று பார்க்க, வடக்கு மேலே இருக்கும்படி வைத்து, மக்கில் விழுந்த படத்தில் ஆப்பிரிக்காவுக்கு வலப்பக்கம் மடகாஸ்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெண்களிமண்:
190, 180 போட்டேன், கறுப்பு கறுப்பாகவே வந்தது. நன்றி. இதை விற்கலாமா? பாத்திரம் கழுவும் மெஷினில் தாங்குமா?

உரிமைக்குறிப்பு:
நாசா எடுத்த படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, விற்கலாம். நாசா லோகோ மட்டும் கூடாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். நாசாவே பரிந்துரைக்கிற மாதிரி எழுதவும் கூடாது. விண்வெளி வீரரின் முகம் அடையாளம் தெரிகிற படத்தை விற்பனைப் பொருளில் போடுவது வேறு வில்லங்கம், தவிர்த்துவிடுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹபிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கித் தளங்களில் உள்ள படங்கள் பொதுவாக கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் வருகின்றன. அங்கே கொடுத்திருக்கும் பெயர் வரியைக் கட்டாயம் போட வேண்டும், கைப்பிடியை ஒட்டிச் சின்ன எழுத்தில் போட்டால் இடம் கெடாது.

மை படிவது மக்கின் மேல் இருக்கும் பாலிமர் கோட்டிங்கில். கோட்டிங் தரமானால் மெஷின் கழுவலைத் தாங்கும், மட்டமானால் கறுப்புதான் முதலில் வெளிறும். ஸ்டீல் நார் எதற்கும் ஆகாது. சூட்டில் படம் தெரியும் மேஜிக் மக் என்றால் கையால் கழுவச் சொல்லி விற்பதே நல்லது. சுமார் 800 டிகிரியில் சுட்டெடுக்கும் செராமிக் டெக்கால் (ஒட்டுப்படம்) இதைவிட நாள்பட உழைக்கும். ஆனால் அதில் நெபுலாவின் பளிச்சென்ற சிவப்பும் இளஞ்சிவப்பும் மங்கிவிடும். ப்ளூ மார்பிளுக்கு அந்தக் கவலை குறைவு.