ஓத் நாளும் அதற்கு முன்னும் பின்னும்: அமெரிக்கக் குடியுரிமையில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் தமிழர்கள் எழுதிய குறிப்புகள் இவை.

எடிசன், நியூஜெர்சி

ஓத் (குடியுரிமை உறுதிமொழி) எடுக்கும் ஹாலில் நுழையும்போதே கிரீன் கார்டை (நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் அட்டை) வாங்கிக்கொள்வார்கள். விழா முடிந்து கையில் கிடைப்பது ஒரே ஒரு தாள், நேச்சுரலைசேஷன் (குடியுரிமை பெற்றதற்கான) சான்றிதழ். பாஸ்போர்ட் வரும்வரை நீங்கள் குடிமகன் என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். அதனால் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் பெயர் எழுத்து, பிறந்த தேதி இரண்டையும் விரல் வைத்துப் படியுங்கள். அங்கேயே சொன்னால் திருத்துவது சுலபம், வீட்டுக்கு வந்துவிட்டால் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு.

பாஸ்போர்ட்டுக்கு டி.எஸ்-11 படிவம் போடும்போது அசல் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். அது பாஸ்போர்ட்டோடு வராது, வேறு கவரில் தனியாக வரும். "நகலெடுக்கக் கூடாது" என்று சான்றிதழில் இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். சட்டப்படியான தேவைக்கு நகலெடுக்கலாம். அனுப்புமுன் ஒரு நகல் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

இந்த இடைவெளியில் சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள். இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டம் 9-ஆம் பிரிவுப்படி, ஓத் எடுத்ததுமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டில் எட்டு வருடம் மிச்சமிருந்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது. அதைச் சரண்டர் செய்த பிறகுதான் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை).

சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்கும் ஒரு நடை போய் "இப்போ சிட்டிசன்" என்று பதிவை மாற்றச் சொல்லுங்கள். பழைய பதிவே கிடந்தால் வேலை மாறும்போது சரிபார்ப்பில் இடிக்கும்.

டாலஸ், டெக்சாஸ்

பெயர் விஷயத்தில் நம்ம ஊர்க்காரங்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தா, விசாவில் அது சர்நேம் கட்டத்துக்குப் போயிடும், முதல் பெயர் இடத்துல "எஃப்.என்.யூ."ன்னு (முதல் பெயர் தெரியாதுன்னு அர்த்தம்) விழும். பல பேருக்கு அதுவே லைசென்ஸ் வரைக்கும் ஒட்டிக்கிட்டு வருது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம், தனிச் செலவு இல்லை. ஆனா நீதிமன்றம் நடத்துற ஓத் விழாவில்தான் அது செல்லும். இமிக்ரேஷன் ஆபீஸே நடத்துற விழாவில் பெயர் மாறாது. நேர்காணலிலேயே "எனக்கு ஜுடிஷியல் செரிமனி வேணும்"னு சொல்லிடுங்க. தேதி கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பிள்ளைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2001 பிப்ரவரி 27 முதல் அமலில் உள்ள சட்டப்படி, அப்பா அல்லது அம்மா குடியுரிமை பெறும்போது பிள்ளைக்கு 18 நிறையாமல், கிரீன் கார்டு இருந்து, அந்தப் பெற்றோரின் பொறுப்பில் அமெரிக்காவில் வசித்தால் போதும், பிள்ளை தானாகவே குடிமகன். விண்ணப்பமும் இல்லை, ஓத்தும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஓத் தேதி. என்-400 போட்ட தேதியோ நேர்காணல் தேதியோ கணக்கில் வராது. ஓத்துக்கு முதல் நாள் 18 முடிந்திருந்தால் அந்தப் பிள்ளை தானே தனியாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். மகனுக்குப் பதினேழரை ஆகும்வரை "அப்புறம் பார்க்கலாம்" என்று இழுப்பவர்களுக்கு இதைவிடப் பட்டவர்த்தனமாகச் சொல்ல முடியாது.

பிள்ளையின் குடியுரிமைக்கென்று தனியாக வாங்கும் என்-600 சான்றிதழ் கட்டாயமில்லை, கட்டணமும் ஆயிரம் டாலருக்கு மேல். பாஸ்போர்ட்டே முழு ஆதாரம். பிள்ளையின் கிரீன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் நேச்சுரலைசேஷன் சான்றிதழ் போதும். 16 வயதுக்குக் கீழே என்றால் அப்பா அம்மா இருவருமே நேரில் வர வேண்டும், ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி போட்ட டி.எஸ்-3053 சம்மதப் படிவம். இங்கேயே பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் கால்தடம் பதித்துத் தரும் அழகான அட்டை ஃப்ரேம் போட மட்டும் உதவும், பாஸ்போர்ட் ஆபீஸில் செல்லாது. ரெஜிஸ்ட்ரார் கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகல் வேண்டும்.

சிகாகோ, இல்லினாய்

கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஆகப் பெரிய பள்ளம் டி.எம்.வி. (டிரைவிங் லைசென்ஸ் தரும் அலுவலகம்) கவுன்ட்டர். லைசென்ஸ் புதுப்பிக்கும்போதே வாக்காளர் பதிவும் கேட்பார்கள். வரிசை நகர்கிற அவசரத்தில் "சிட்டிசனா?" என்ற கட்டத்தில் 'ஆம்' தட்டிவிடுகிறார்கள். 1996 செப்டம்பர் 30 முதல் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால் நாடு கடத்தவே அது காரணமாகலாம், கிரீன் கார்டு கேட்பவருக்கு இதற்கு மன்னிப்பு மனுவும் கிடையாது. ஓட்டுப் போட்டிருந்தால் அது தனிக் குற்றம்.

தெரியாமல் பதிவாகிவிட்டது என்றால், சத்தமில்லாமல் பெயரை நீக்கிவிட்டு என்-400-இல் "பதிவு செய்ததில்லை" என்று எழுதாதீர்கள். பழைய தவறு விளக்கத்தோடு தீரலாம், புதுப் பொய் தீராது. படிவம் போடுமுன் இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள்.

வேலையில் சேரும்போது, வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்திலும் இதே பொறி. இரண்டாவது கட்டத்தில் "நான்சிட்டிசன் நேஷனல்" என்று இருப்பதைப் பார்த்து, "நாம சிட்டிசன் இல்லையே" என்று டிக் அடிக்கிறார்கள். அது அமெரிக்க சமோவா போன்ற இடத்தில் பிறந்தவர்களுக்கானது. கிரீன் கார்டுக்கு மூன்றாவது கட்டம்.

அட்லாண்டா, ஜார்ஜியா

கிரீன் கார்டோடு ஊரிலிருந்து வந்துபோகும் அப்பா அம்மாவுக்காக இது. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டினால் கார்டு பத்திரம்" என்ற நம்பிக்கை தப்பு. 180 நாள் தாண்டினால் புதிதாக அனுமதி கேட்பவராக நடத்தலாம், ஒரு வருடம் தாண்டினால் கார்டை மட்டும் காட்டி உள்ளே வர முடியாது. நாள் குறைவாக இருந்தாலும், நிஜமான வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்பார். வரி ரிட்டர்ன், வங்கிக் கணக்கு, ஊரில் தங்க நேர்ந்ததற்கான மருத்துவக் காகிதம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் பயனில்லை. நீண்ட நாள் போக வேண்டியிருந்தால் ஐ-131 படிவம் போட்டு ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி நுழைவதற்கான அனுமதி) வாங்கலாம், பெரும்பாலும் இரண்டு வருடம் செல்லும். இங்கே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

விமான நிலையத்தின் இரண்டாம் கட்ட விசாரணை அறையில் சிலரிடம் ஐ-407 என்ற தாளை நீட்டுவார்கள். கிரீன் கார்டை விருப்பத்தோடு ஒப்படைக்கிறேன் என்று எழுதித் தருவது அது. இருபது மணி நேரம் பறந்து வந்த களைப்பில், மொழி புரியாமல், கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு. கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. மறுத்தால் இமிக்ரேஷன் நீதிபதி முன் ஆஜராக நோட்டீஸ் தருவார்கள், அங்கே கார்டைக் கைவிட்டார் என்று நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். அந்த அறையில் வக்கீல் வைக்கும் உரிமை பொதுவாகக் கிடையாது. அதனால் பெரியவர்களுக்கு இரண்டே வாக்கியம் சொல்லிக் கொடுங்கள்: "தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்", "ஐ வான்ட் டு ஸீ தி ஜட்ஜ்".

எடிசன், நியூஜெர்சி

கொடுத்த குடியுரிமையைப் பிடுங்க முடியுமா என்று தனிச் செய்தியில் கேட்டவருக்கு: 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் அன்றைய குடியுரிமைச் சட்டம் கேட்ட "வெள்ளையர்" அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அதை வைத்து ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்கள் பலரின் குடியுரிமையை ரத்து செய்தார்கள். இன்று அப்படி முடியாது. 1967 அஃப்ரோயிம் வழக்குக்குப் பிறகு, நீங்களாக மனமறிந்து விட்டுக்கொடுக்காமல் அரசாங்கம் அதை எடுக்க இயலாது. மிச்சமிருக்கும் வழி, முறைகேடாகப் பெற்றீர்கள் என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. 2017 மாஸ்லென்யாக் தீர்ப்புப்படி, குடியுரிமை கிடைத்ததில் பங்கில்லாத சில்லறைப் பொய்யை வைத்துப் பறிக்க முடியாது. அப்படி ஒரு வழக்கு வந்தால் முதலில் புரட்டுவது உங்கள் என்-400-ஐத்தான். அனுப்பிய படிவத்தின் முழு நகல், நேர்காணலில் அதிகாரி சிவப்பு மையில் திருத்தியிருந்தால் அந்த விவரம், இரண்டையும் சான்றிதழோடு சேர்த்தே வையுங்கள்.